விழாத பல்

2009இல் செட்டிகுளம் முகாமில் இருந்தபோது என் மகளுக்கு ஏழு வயது. குடிதண்ணீருக்கே வரிசை. பல் தீட்டுவதை யார் நினைத்தோம்? கடைவாயில் ஒரு பல் கறுத்தது. "பாற்பல்தானே, விழுந்து முளைக்கும்" என்று விட்டுவிட்டேன். அது விழவில்லை. ஊர் திரும்பிய பின் பிடுங்கத்தான் வேண்டி வந்தது. ஆறு வயதளவில் பாற்பற்களுக்குப் பின்னால் முளைக்கும் பல் நிரந்தரப் பல் என்பதை அன்றுதான் அறிந்தேன்.

தரம் 2 ஆசிரியையான நான் இப்போது வருடத் தொடக்கத்தில் அதைத்தான் முதலில் சொல்லிக் கொடுக்கிறேன். "நாக்கால் கடைசிப் பல்லைத் தொட்டுப் பாருங்கோ. அது போனால் திரும்ப வராது" என்பேன். பட்டாணியளவு பற்பசை, இரண்டு நிமிடம், காலையும் படுக்கப் போகுமுன்னும்.

பிறஸ் கொண்டுவராத ஒரு சிறுவனை ஒருநாள் ஏசிவிட்டேன். "வீட்டில மூன்று பேருக்கும் ஒன்றுதான் ரீச்சர்" என்றான். வெட்கித்துப் போனேன். மறுநாள் மூன்று பிறஸ் வாங்கிக் கொடுத்தேன். ஆளுக்கொன்று வேண்டும் என்பதும் பாடம்தானே.

சகோதரிகளே, இன்றிரவு பிள்ளையின் வாயை வெளிச்சத்தில் பாருங்கள். கறுப்புத் தெரிந்தால் வலி வரும்வரை காத்திராதீர்கள். அரச வைத்தியசாலையில் காசு கேட்கமாட்டார்கள்.