மூன்று விரற்கடை நீர்

தமிழ்நாட்டு வீடுகளின் குளியலறைத் தரையில், தாழ்ந்த மூலையில், துளையிட்ட எஃகு ஜாலிக்கு அடியில் பதிந்திருக்கும் கிண்ணம் போன்ற பொருளைக் கடைக்காரரும் பிளம்பரும் ‘நஹானி ட்ராப்’ என்பர். குளிக்குமிடத்தைக் குறிக்கும் மராத்திச் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. குளித்த நீரை வெளியேற்றுவதே அதன் வேலை என்று வீட்டுக்காரர் பலர் எண்ணுகின்றனர். ஆனால் அந்த வேலைக்கு ஒரு துளையும் ஒரு குழாயும் போதும். வெளியேறும் நீரில் சிறிதளவைத் தன் வளைவுக்குள் நிறுத்தி வைத்து, அந்த நீரையே கதவாக்கிச் சாக்கடை வாயு வீட்டுக்குள் ஏறாமல் காப்பதே ட்ராப்பின் உண்மையான பணி. நீர்முத்திரை எனத்தக்க இந்தத் தேங்கிய நீரின் ஆழம் வழக்கமாக 50 மில்லிமீட்டர், அதாவது ஏறத்தாழ மூன்று விரற்கடை. குளியலறை வடிகாலில் நுட்பம் என்று சொல்லத்தக்கவற்றுள் பெரும்பகுதி, இந்த மூன்று விரற்கடை நீரை இருந்த இடத்திலேயே இருக்கச் செய்வதற்காக ஏற்பட்டதுதான்.

வடிகால் பழையது, ட்ராப் புதியது. மொகஞ்சதாரோவின் குளிக்கும் மேடைகள் ஒரு பக்கமாகச் சரித்துக் கட்டப்பட்டவை. தமிழிலும் அங்கணம், தூம்பு, சலதாரை என நீர் செல்லும் வழிக்கு வழங்கிய பெயர்கள் பல. ஆயினும் பழைய வீட்டில் குளிக்குமிடம் புழக்கடையில் இருந்தது, கழிவுநீரும் திறந்த வாய்க்கால் வழியே வாழைக்கோ தென்னைக்கோ ஓடியது. வாயு அடைபடவே இடமில்லாதபோது அதைத் தடுக்கக் கருவியும் வேண்டியதில்லை. குளியலறை படுக்கையறையை ஒட்டி வந்து, அதன் குழாய் மூடிய செப்டிக் டேங்கோடும் பாதாளச் சாக்கடையோடும் இணைந்த பிறகே காப்பு தேவைப்பட்டது. லண்டனில் கடிகாரம் செய்துவந்த அலெக்சாண்டர் கம்மிங் 1775இல் காப்புரிமை பெற்ற கழிப்பறை அமைப்பில், குழாயை வளைத்து அதில் நீரை நிறுத்தும் அந்தக் காப்பு இடம்பெற்றது. நுட்பமான பற்சக்கரங்களோடு வாழ்ந்த ஒருவர், அசையும் உறுப்பு எதுவுமில்லாத ஒரு வளைவையும் இவ்வுலகுக்கு விட்டுச் சென்றார் என்பது வியந்து எண்ணத்தக்கது.

ட்ராப்புக்கு நீரைக் கொண்டு சேர்ப்பது வாட்டம். நீர் தானாக ஓடும்படி தரைக்கும் குழாய்க்கும் தரப்படும் சரிவைக் கொத்தனார்கள் இச்சொல்லால் குறிக்கின்றனர். ஆறடித் தரைக்கு ஏறத்தாழ ஓரங்குல வாட்டம் போதும்; அதைக் கண்ணால் மதிப்பிடாமல், டைல்ஸ் ஒட்டும்போதே ரசமட்டம் வைத்துப் பார்ப்பதும், ஒட்டி முடித்தவுடன் ஒரு வாளி நீரை எதிர் மூலையில் ஊற்றிப் பார்ப்பதும் வீட்டுக்காரரே செய்யக்கூடியவை. நான்கங்குலக் கழிவறைக் குழாய்க்கு 40 அடிக்கு ஓரடி என்ற வாட்டம் நெடுங்காலமாக வழக்கில் உள்ளது. வாட்டம் குறைந்தால் குழாயின் அடியில் கசடு படியும் என்பதை எல்லாரும் அறிவர். மிகுந்தாலும் நீர் முந்தி ஓடித் திடக்கழிவு பின்தங்கிவிடக்கூடும் என்பதால், நிறைய சரித்தால் நல்லது என்ற எண்ணம் தவறு. குழாய் திரும்பும் இடத்தில் ஒரே செங்கோண வளைவுக்குப் பதிலாக 45 பாகை வளைவுகள் இரண்டை இணைத்தால் அடைப்பு குறையும். திருகுமூடி கொண்ட ‘டோர் டீ’ என்னும் துண்டை எட்டும் இடத்தில் பொருத்தினால், அடைப்பு நேரும்போது சுவரையோ தரையையோ உடைக்க வேண்டியதில்லை. செப்டிக் டேங்கிலும் ஆள்நுழைகுழியிலும் திரளும் ஹைட்ரஜன் சல்பைடு என்னும் வாயு, அடைப்பு நீக்க உள்ளே இறங்கிய எத்தனையோ தொழிலாளரின் உயிரைக் குடித்திருக்கிறது. அவ்வாறு பாதுகாப்பின்றி மனிதரை இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. எனவே அடைத்துக்கொள்ளாத குழாயைப் போடுவதும், துணியையும் நாப்கினையும் அதில் போடாதிருப்பதும் பிறர் உயிரைக் கருதிச் செய்யும் செயல்களே.

மாடிக் குளியலறைகளில் குழாய்களைப் படுக்க வைப்பதற்காகத் தளத்தை ஏறத்தாழ ஓரடி தாழ்த்தி வார்க்கின்றனர். ‘சங்கன் ஸ்லாப்’ எனப்படும் அந்தப் பள்ளம் பிறகு செங்கல் ஜல்லி போன்றவற்றால் நிரப்பப்பட்டு, டைல்ஸுக்கு அடியில் மறைந்துவிடும். மறைவதற்கு முன்புள்ள சில நாட்களே வீட்டுக்காரரின் கையில் உள்ள காலம். நீர்க்காப்புப் பூச்சு முடிந்த பள்ளத்தில் நீரைக் கட்டி, இரண்டு நாட்களாவது விட்டு, கீழ்த்தளத்தின் கூரையில் ஈரம் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். பள்ளத்திலும் சுவரிலும் உள்ள குழாய்களின் மேல் அளவு நாடாவை விரித்து நிழற்படமும் எடுத்துக்கொள்ள வேண்டும். ஐந்தாண்டு கழித்துச் சுவரில் ஆணிக்குத் துளையிடும் நாளில் அந்தப் படத்தின் அருமை தெரியும். ரப்பர் வளையம் கொண்டு இணைக்கும் கழிவுநீர்க் குழாயை முழுதும் உள்ளே தள்ளி, பிறகு ஒரு சென்டிமீட்டர் அளவு பின்னுக்கு இழுத்துவிடுவது, வெந்நீரிலும் வெயிலிலும் குழாய் நீள்வதற்கு இடம் தருவதற்காக என்பதையும் இங்கே சொல்லிவிடலாம்.

சாதனங்களைப் பொருத்துவதில் நேரும் தவறுகள் பெரும்பாலும் அளவுத் தவறுகள். மேற்கத்தியக் கழிப்பறைக் கோப்பையின் கழிவு வாய் தரையில் இறங்கும் வகையானால், சுவரிலிருந்து அந்த வாயின் மையம் வரையுள்ள தூரம் ஒன்பது அங்குலம், பன்னிரண்டு அங்குலம் என மாதிரிக்கு மாதிரி மாறும். செங்கல் சுவரிலிருந்து அளந்து குழாயை நிறுத்திவிட்டால், பின்னர் வரும் பூச்சும் டைல்ஸும் சேர்ந்து ஒன்றரை அங்குலம் வரை விழுங்கிவிட, கோப்பை சுவரில் இடிக்கும். ஆகவே கோப்பையை முதலில் வாங்கி, பூசி முடித்த சுவரைக் கணக்கில் கொண்டே குழாய் போட வேண்டும். கடைசியில் வாங்கிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுவது பெரும்பிழை. கைகழுவும் தொட்டியின் துளையில் பொருத்தும் வேஸ்ட் கப்ளிங் இரு வகைப்படும். தொட்டியின் விளிம்பருகே நீர் வழிந்தோடும் துளை இருந்தால், அந்நீர் உட்புக இடைவெளி கொண்ட அரை மரை வகையும், துளை இல்லையேல் முழு மரை வகையும் உரியவை. மாற்றிப் பொருத்தினால், முன்னதில் வழிந்த நீர் போக வழியின்றி நிற்கும், பின்னதில் மரையின் ஓரம் கசியும்.

இனி ட்ராப்பில் நிற்கும் அந்த நீர் எவ்வாறு இழக்கப்படுகிறது என்பதைக் காண வேண்டும். மாடியில் ஒருவர் கழிப்பறையில் நீர் விடும்போது, செங்குத்துக் குழாயில் நிறைந்து இறங்கும் நீர் தனக்குப் பின்னே காற்றழுத்தத்தைக் குறைக்கிறது. அந்தக் குறைவை ஈடுசெய்யக் காற்று வரும் வழி இல்லையானால், கீழ்த்தள ட்ராப்பின் நீரே உறிஞ்சப்பட்டு, ‘களக் களக்’ என்ற ஒலியோடு குழாய்க்குள் போய்விடும். கூரைக்கு மேல் உயர்ந்து நிற்கும் காற்றுக்குழாய், வாயு வெளியேறுவதற்காக மட்டுமன்றி, இந்தக் காற்று உள்ளே வருவதற்காகவும் உள்ளது. கைகழுவும் தொட்டிக்கு அடியில் ஒரு பாட்டில் ட்ராப்பும், அதன் வழியில் தரையில் இன்னொரு ட்ராப்பும் அமைந்தால், இரண்டுக்கும் இடையே காற்று சிறைப்பட்டு நீர் தயங்கித் தயங்கி இறங்கும். வளைவின் விளிம்பில் தொங்கும் ஒரு கற்றை முடிகூட, விளக்குத் திரி எண்ணெயை ஏற்றுவது போல, நீரைச் சிறிது சிறிதாக அப்பால் கடத்திவிடும்.

இவையெல்லாம் ஒருபுறமிருக்க, நீர்முத்திரையின் முதற் பகை பயன்படுத்தாமை. ஹாங்காங்கின் அமோய் கார்டன்ஸ் குடியிருப்பில் 2003 மார்ச்சில் சார்ஸ் நோய் பரவி, 300க்கும் மேற்பட்டோரைத் தாக்கி, 42 பேரின் உயிரைப் பறித்தது. அதை ஆராய்ந்த உலக சுகாதார நிறுவன வல்லுநர்கள் பரவலுக்கான வழிகளில் ஒன்றாகக் காட்டியது, குளியலறைத் தரையின் வறண்ட ட்ராப்புகளை. குடியிருப்போர் தரையை நீரூற்றிக் கழுவாமல் துடைத்தே வந்ததால் அவை காய்ந்து கிடந்தன; வெளியேற்று விசிறியை ஓடவிட்டபோது, கழிவுக் குழாயிலிருந்த நீர்த்துளிகள் அந்தத் திறந்த வழியே அறைக்குள் இழுக்கப்பட்டன.

வாளியில் மொண்டு ஊற்றிக் குளிக்கும் தமிழர் வழக்கம், தரையெங்கும் நீரை இறைத்துக் கழுவும் பழக்கத்தோடு சேர்ந்து, எவரும் கருதாமலே ட்ராப்பை நாள்தோறும் நிரப்பி வந்திருக்கிறது. கண்ணாடித் தடுப்புக்குள் ஷவரை அடக்கி, மீதித் தரையை உலர்ந்ததாக வைக்கும் புதிய குளியலறைகளில் அந்த உலர்பகுதி ட்ராப்புக்கு நீர் எட்டுவதில்லை. விருந்தினர் அறையின் குளியலறை மாதக்கணக்கில் மூடிக் கிடக்கிறது. பிள்ளைகள் வெளிநாட்டிலும் பெற்றோர் பெருநகரிலும் இருக்க, ஊரில் பூட்டிய வீடுகளில் ஆண்டு முழுவதும் ஒரு சொட்டு நீர் விழுவதில்லை. கதவைத் திறந்ததும் முகத்தில் அடிக்கும் நாற்றத்தைக் கண்டு, குழாய் உடைந்துவிட்டதென்று தரையை இடிக்க ஆள் தேடுவோர் உண்டு. அந்த வீடுகளில் பெரும்பாலும் வேண்டியிருப்பது, பக்கத்து வீட்டாரிடம் சாவியைக் கொடுத்து, ஒவ்வொரு ஜாலியிலும் மாதம் ஒருமுறை இரண்டு குவளை நீரை ஊற்றச் சொல்வது; நெடுநாள் எவரும் வர இயலாதென்றால், அந்த நீரின்மேல் ஒரு கரண்டி சமையல் எண்ணெய் விட்டு வைத்தால், நீர் ஆவியாவது வெகுவாகத் தாமதமாகும்.