வலை பின்னப் பள்ளிக்கூடம் எதற்கு?

கலைத்திட்டம் என்பது நம் வீடுகளில் அடிக்கடி அடிபடும் சொல்லன்று. பிள்ளையின் புத்தகப் பை கனக்கிறது என்போம்; பாடங்கள் கூடிப்போயின என்போம்; ஐந்தாந் தரப் பரீட்சை நெருங்குகிறதென்று தொலைக்காட்சிப் பெட்டிக்குத் துணி போட்டு மூடுவோம். இவை யாவும் கலைத்திட்டத்தைப் பற்றிய பேச்சுக்களே. ஆயினும் கல்விச் சீர்திருத்தம் என்று ஓர் அறிவித்தல் வந்தவுடன், எந்தப் பாடத்தைச் சேர்ப்பது, எந்தப் பாடத்தைக் கழிப்பது என்பதிலேயே விவாதம் மூண்டு, அதிலேயே அவிந்தும் விடுகின்றது. ஒன்றை அசைத்தால் அதனோடு பிணைந்த மற்றவை என்னாகும் என்று கேட்கும் பழக்கம் நம்மிடத்தே குறைவு.

இவ்வாறு கேட்பதையே ஒரு தனிக் கலையாக வளர்த்தவர்கள் உளர். அமெரிக்காவின் மாசாச்சுசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவகத்தில் பணியாற்றிய ஜே பொரெஸ்ரர் அவர்களுள் முதல்வர். கென்ரக்கி மாநிலத்திலிருந்த ஜெனரல் எலெக்ரிக் தொழிற்சாலைகளில் சில ஆண்டுகளில் இரவு பகலாக வேலை நடக்கும். வேறு சில ஆண்டுகளில் தொழிலாளர் வீட்டுக்கு அனுப்பப்படுவர். சந்தை நிலவரமே காரணம் என்று நிருவாகத்தினர் எண்ணியிருந்தனர். பொரெஸ்ரர் தாளும் பென்சிலும் கொண்டு கணக்கிட்டுப் பார்த்து, சரக்குக் கட்டளை இடுவதிலும் ஆள் சேர்ப்பதிலும் தொழிற்சாலை கையாண்ட சொந்த விதிகளே அந்த ஏற்ற இறக்கத்துக்குப் போதிய காரணம் என்று காட்டினார். 1961இல் இதுபற்றி அவர் எழுதிய நூல் வெளிவந்தது. பிற்காலத்தில், 1988ஆம் ஆண்டளவில், அவருக்கு வழிகாட்டியாக இருந்த கோர்டன் பிறவுண் என்னும் பேராசிரியர் தம் ஓய்வுக் காலத்தில் அரிசோனா மாநிலத்து ரூசான் நகரப் பள்ளியொன்றுக்கு இந்தச் சிந்தனை முறையைக் கொண்டு சென்றார். (ரூசான் என்பது நகரின் பெயர்; நம்மூர் ரியூசன் அன்று.) அங்கே எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் உயிரியலை இந்த வழியில் கற்றனர்.

இதனைக் கேட்டவுடன் ஏதோ கடல் கடந்த வித்தை என்று மலைக்க வேண்டியதில்லை. வன்னியிலே குளத்து நீரை நம்பி வாழ்ந்த கமக்காரனுக்கு இது புதிதன்று. வவுனியாப் பக்கத்துச் சிறு குளங்கள் தனித்தனிக் குளங்கள் அல்ல. மேற்குளத்தின் வான் பாய்ந்த நீரும், அதன் வயலிலிருந்து கசிந்து வடிந்த நீரும் அடுத்த குளத்துக்கு வரத்தாகும். அதன் வடிவு அதற்கடுத்த குளத்துக்கு. மேற்குளத்தின் வானை இரண்டடி உயர்த்திக் கட்டினால் அவ்வூருக்கு ஆதாயமாகத் தோன்றும். அடுத்த சிறுபோகத்தில் கீழ்க்குளத்தார் வானத்தைப் பார்த்துக்கொண்டு இருப்பார்கள். நீர் எங்கே தேங்குகிறது, எவ்வளவு விரைவில் ஓடுகிறது, செய்த செயலின் பலன் எத்தனை நாள் கழித்து எந்த வாய்க்காலால் திரும்பி வருகிறது என்னும் மூன்றையும் ஒருங்கே எண்ணிப் பார்ப்பதே முழுமை நோக்கு. கலைத்திட்டமும் இத்தகைய குளத்தொடரில் ஒரு குளமே. இதனை நான் நூலிலிருந்து கற்கவில்லை. பதினோராவது வயதில் என் தந்தையாரிடம் கற்றேன்.

1972ஆம் ஆண்டு தை மாதத்தில் ஆறாம் வகுப்பில் அடி வைத்தவன் நான். அவ்வாண்டில்தான் இலங்கையின் பள்ளிக் கல்வி தலைகீழாக மாற்றப்பட்டது. முந்திய ஆண்டு ஏப்ரலில், படித்தும் வேலையற்றிருந்த இளைஞர் பலர் கிளர்ச்சியில் இறங்கியிருந்தனர். அதே 1971இல் டட்லி சியர்ஸ் தலைமையில் இங்கு வந்த சர்வதேசத் தொழிலாளர் தாபனக் குழுவினர், இளைஞர் நாடும் வேலைக்கும் நாட்டில் உள்ள வேலைக்கும் பொருத்தமில்லை என்று அறிக்கை எழுதினர். இவற்றின் பின்னணியில் வந்த புதிய கலைத்திட்டத்தில் இரண்டு பெரும் புதுமைகள் இருந்தன. ஒன்று, எல்லாப் பிள்ளைகளுக்கும் கணிதமும் ஒன்றிணைந்த விஞ்ஞானமும் கட்டாயமாயின. மற்றொன்று, தொழில் முன்னிலைப் பாடம் என்று ஒன்று வந்தது. அந்தந்த ஊரில் நடைபெறும் தொழிலையே பள்ளியில் பாடமாகப் பயில வேண்டும். நெல் விளையும் ஊரில் வேளாண்மை, குயவர் வாழும் ஊரில் மட்பாண்டம் என்றவாறு. எங்கள் ஊர் முல்லைத்தீவுக் கரையோரம். ஆகவே எங்களுக்கு மீன்பிடியும் வலை பின்னுதலும் விதிக்கப்பட்டன.

வலை பின்னக் கற்பிக்க ஆசிரியர் எவரும் இல்லை. இலக்கணம் படிப்பித்த ஆசிரியரின் கையிலே கைந்நூல் ஒன்று கொடுக்கப்பட்டது. அவர் நல்லவர். கண்ணி எத்தனை அங்குலம் இருக்க வேண்டும் என்று கரும்பலகையில் எழுதிப் போடுவார், நாங்கள் எழுதிக்கொள்வோம். எங்களிற் பாதிப் பேருக்கு அந்த வேலை ஏழு வயதிலேயே கைவந்திருந்தது. தூண்டில், வலை, தெப்பம் எல்லாவற்றையும் கொப்பியிலே படமாகக் கீறி நிறம் தீட்டியதுதான் நாங்கள் கற்ற மீன்பிடி.

என் தந்தையார் ஒரு நாள் அந்தக் கொப்பியை எடுத்துப் பார்த்தார். கடற்றொழிலே அவர் அறிந்த தொழில். பக்கங்களைப் புரட்டிவிட்டு, "வலை பின்னுறதுக்கு நான் போதாதோ தம்பி? அதுக்கு ஏன் பள்ளிக்கூடம்? நீ கணக்கைப் படி" என்றார். அவ்வளவுதான். அதன்பின் அந்தக் கொப்பியை அவர் தொட்டதில்லை.

அவர் பேச்சில் தொழிலை இழிவாகக் கருதும் எண்ணம் இருக்கவில்லை. கச்சேரியில் எழுதுவினைஞராக இருந்தவருக்குப் புயல் அடித்தாலும் மாதம் முடியச் சம்பளம் வந்தது; முதுமையில் ஓய்வூதியம் வந்தது. வள்ளம் வைத்திருந்தவருக்கு இரண்டும் இல்லை. அந்த நாற்காலிக்குப் போகும் வழி பரீட்சை என்னும் ஒரே படலையால் மட்டும் திறந்தது. இந்த நிலையில் ஒரு தகப்பன் தன் பிள்ளையை எந்தப் பக்கம் தள்ளுவான்? பிலிப் பொஸ்ரர் என்னும் ஆய்வாளர் கானா நாட்டைப் பார்த்து 1965இல் இதையே எழுதினார். கமத்தொழிலைப் பாடமாக்கினால் பிள்ளைகள் கமத்துக்குப் போவார்கள் என்று நினைப்பது மயக்கம். எந்த வேலைக்கு எவ்வளவு ஊதியம், எவ்வளவு உறுதி என்பதைப் பார்த்தே குடும்பங்கள் தீர்மானிக்கின்றன என்றார். என் தந்தையார் பொஸ்ரரை அறியார்.

இங்கே வாசகர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 1972இன் இரண்டு புதுமைகளும் ஒரே குழுவினர் வகுத்தவை; ஒரே ஆண்டில் ஒரே பள்ளிகளுக்கு வந்தவை. கிராமப் பள்ளிகளுக்கு விஞ்ஞான ஆசிரியரும் போதிய அளவு கிடைக்கவில்லை. அப்படியிருந்தும் விஞ்ஞானமும் கணிதமும் வேரூன்றின. 1977இல் ஆட்சி மாறி, தேசியக் கல்விப் பொதுத் தராதரப் பத்திரம் கைவிடப்பட்டுப் பழைய சாதாரண தரம் மீண்டபோதும் அவை போகவில்லை. இன்றும் சாதாரண தரத்திற்குத் தோற்றும் பிள்ளை ஒவ்வொன்றும் விஞ்ஞானம் என்ற ஒரு பாடத்தைப் படிக்கின்றது. தொழில் முன்னிலைப் பாடமோ ஐந்தாறு ஆண்டுகளில் மறைந்தது. வேறுபாடு பாடத்தின் தரத்தில் இல்லை. விஞ்ஞானத்திலிருந்து மேலே போக வாய்க்கால் இருந்தது. மருத்துவமும் பொறியியலும் அந்த வாய்க்காலின் மறுமுனையில் இருந்தன. தொழில் முன்னிலைப் பாடத்துக்கு வாய்க்காலே வெட்டப்படவில்லை. அதில் மிகச் சிறந்த பெறுபேறு எடுத்த பிள்ளைக்கு எந்தத் தொழிற்பயிற்சி நிலையம் கதவு திறந்தது? வள்ளம் வாங்க எந்த வங்கி கடன் கொடுத்தது?

இதுவும் முதல் முயற்சியன்று. 1930களிலேயே கண்டிக்கு அருகில் ஹந்தெச என்னுமிடத்தில் கிராமத்தைச் சார்ந்த கல்வித் திட்டம் ஒன்று தொடங்கியது. 1980களில் வாழ்க்கைத்திறன் என்ற பெயரில் மறுபடியும் ஒன்று வந்தது. ஒவ்வொரு முறையும் பாடத்தின் பெயர் மாறியது. படலை மட்டும் அதே இடத்தில் இருந்தது.

படலையைப் பற்றிச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். நம் நாட்டில் கலைத்திட்டத்தை எழுதுவது 1985ஆம் ஆண்டுச் சட்டத்தால் நிறுவப்பட்டு மகரகமவில் இயங்கும் தேசிய கல்வி நிறுவகம். ஆனால் அதனை உண்மையில் நடத்துவது பரீட்சை வினாத்தாள். எது வினாவாக வருகிறதோ அதை ஆசிரியர் அழுத்திக் கற்பிக்கிறார். வகுப்பில் போதாததைத் தனியார் கல்வி நிலையம் விற்கிறது. அங்கே பயின்றவர்கள் கூடுதல் புள்ளி எடுக்க, போட்டி இறுகுகிறது. போட்டி இறுகவே, போகாதிருந்த பிள்ளையும் அங்கே போகிறது. சுற்றுக்குச் சுற்று தானே தன்னை வளர்க்கும் சுழல் இது. இதில் பேராசை பிடித்தவர் என்று எவரையும் விரல் நீட்டிக் காட்ட முடியாது. ஒவ்வொருவரும் தம் இடத்தில் நின்று நியாயமாகவே நடந்துகொள்கின்றனர். 1990களின் பிற்பகுதியில் பாடசாலை மட்டக் கணிப்பீடு வந்தபோது இந்தச் சுழல் தணியும் என்று பலரும் நம்பினர். ஆண்டு முழுவதும் பிள்ளை செய்யும் வேலைக்குப் புள்ளி, நல்ல யோசனைதான். ஆனால் பல்கலைக்கழகத் தெரிவில் அந்தப் புள்ளிக்கு இடம் வைக்கவில்லை. ஆகவே அது பதிவேடு நிரப்பும் சடங்காயிற்று. நானும் ஆண்டுக்கணக்காக நிரப்பியிருக்கிறேன். மை செலவானதைத் தவிர வேறொன்றையும் காணேன்.

ஐந்தாந் தரப் புலமைப்பரிசில் பரீட்சையின் கதையும் இதுவே. கன்னங்கரா காலத்தில், வசதியற்ற கெட்டிக்காரப் பிள்ளைகளை மத்திய கல்லூரிகளுக்கு எடுத்துச் செல்லும் ஓடமாக அது வந்தது. நகரத்துப் பெயர்பெற்ற பாடசாலைகளுக்குள் நுழைய அதன் வெட்டுப்புள்ளியே வழி என்றானபின், ஆண்டுதோறும் மூன்று இலட்சத்துக்கு மேற்பட்ட பத்து வயதுப் பிள்ளைகள் அதற்குத் தோற்றுகின்றனர். அதை நிறுத்திவிடுங்கள் என்ற குரல் கேட்கிறது. பாடசாலைகளுக்கிடையே உள்ள ஏற்றத்தாழ்வை அப்படியே விட்டுப் பரீட்சையை மட்டும் எடுத்தால், அந்த நெருக்கடி நன்கொடையாகவும் செல்வாக்காகவும் வேறு துருசு தேடிக்கொள்ளும் என்பது என் கருத்து. அப்போது நட்டப்படுபவர், பரீட்சையைத் தவிர வேறு துணையில்லாத வீட்டுப் பிள்ளைதான்.

இன்னொன்று, காலம். முதலாந் தரத்தில் சேரும் பிள்ளை உயர்தரம் முடித்து வெளியேறப் பதின்மூன்று ஆண்டுகள் செல்லும். ஒரு கலைத்திட்டம் நல்லதா கெட்டதா என்று அந்தப் பிள்ளை வேலைக்குப் போனபின்தான் தெரியும். 1972 திட்டத்தில் முதன்முதலாகக் கால் வைத்த நாங்கள் 1975இல் அந்தப் புதிய தராதரப் பத்திரத்துக்குத் தோற்றினோம்; அடுத்த இரண்டு ஆண்டுகளில் ஆட்சி மாறித் திட்டமும் மாறத் தொடங்கியது. விதைத்த நெல் குடலை கட்டுமுன் உழுது மறிப்பதற்கு இது சமம். அதே ஆண்டுகளில், 1974 முதல், மாவட்ட ஒதுக்கீட்டினால் பல்கலைக்கழகப் படலையும் இடம் பெயர்ந்தது. அது எங்கள் வீடுகளில் ஏற்படுத்திய கலக்கத்தைத் தமிழ் வாசகர்களுக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

மேலிடத்தில் இவற்றை மாற்றும் வல்லமை ஒரு கிராமத்து ஆசிரியனுக்கு இல்லை. ஆனால் பள்ளிக்குள்ளேயே சில துருசுகள் நம் கைக்கெட்டும் தூரத்தில் உள்ளன. பல ஆண்டுகளின் முன் வவுனியா மாவட்டத்துப் பள்ளியொன்றில் நான் புவியியல் கற்பித்தபோது, விஞ்ஞான ஆசிரியையும் கணித ஆசிரியரும் வரலாற்று ஆசிரியரும் நானும் ஒரு மாலையில் நான்கு பாடத்திட்டங்களையும் ஒரே மேசையில் விரித்தோம். பள்ளிக்குப் பின்னால் ஒரு குளம் இருந்தது. அதே குளம் வரலாற்றில் பராக்கிரமபாகுவோடு வந்தது. புவியியலில் நீர்ப்பாசனமாக வந்தது. விஞ்ஞானத்தில் ஆவியாதலாக வந்தது. கணிதத்தில் கொள்ளளவாகவும் வீதமாகவும் வந்தது. ஆனால் ஒவ்வொன்றும் வெவ்வேறு தவணையில். வீதம் கற்பிக்கப்படுவதற்கு முன்பே, நீர் என்ன வீதத்தில் குறைகிறதென்று நான் பிள்ளைகளைக் கேட்டுக்கொண்டிருந்தேன்! ஒரு பாடத்தையும் கூட்டாமல், ஒன்றையும் கழிக்காமல், வரிசையை மட்டும் மாற்றி நான்கையும் வைகாசி, ஆனி மாதங்களில் ஒன்றாக வைத்தோம். பிள்ளைகள் ஒரு தடியில் அங்குலக் கோடிட்டுக் குளத்தில் நட்டு, நாள்தோறும் நீர்மட்டத்தைக் குறித்தனர். துருசு பூட்டியிருந்த நாட்களிலும் நீர் குறைந்ததைக் கண்டு, "சேர், தண்ணியை ஆர் எடுத்தது?" என்று ஒருவன் கேட்டான். அன்றைய மூன்று பாடவேளைகளும் அந்தக் கேள்வியிலேயே கழிந்தன.

அடுத்த ஆண்டு எங்களில் இருவருக்கு இடமாற்றம் வந்தது, மேசையும் கலைந்தது. விஞ்ஞான ஆசிரியை மன்னாருக்குப் போனார். அங்கே குளத்துக்குப் பதிலாக உப்பளத்தை வைத்துக்கொண்டு, கணித ஆசிரியர் ஒருவரையும் தேடிப் பிடித்துவிட்டதாக எனக்குக் கடிதம் எழுதினார். கடிதத்தோடு, பிள்ளைகள் வரைந்த வரைபொன்றின் பிரதியையும் வைத்திருந்தார். பாத்தியில் நீர் இறங்கிய கோடும் உப்பு ஏறிய கோடும் ஒன்றையொன்று வெட்டிய இடத்தில், ஒரு பிள்ளை சிவப்பு மையால் கேள்விக்குறி இட்டிருந்தது.