கரிவரதன் மாருதியும் ஸ்கார்பரோ கராஜும்

மாருதி 800 எஞ்சினை வச்சு ரேஸ் கார்னு யாராச்சும் சொன்னா சிரிப்போம் இல்லீங்களா? எங்க கோயமுத்தூர்ல கரிவரதன் 1980களின் கடைசியில் அதைச் சிரிக்காம செஞ்சு காட்டினார். 796 சிசி, மூணு சிலிண்டர், கம்பெனியில் இருந்து வரும்போது 40 குதிரைத்திறன்கூட இல்லாத எஞ்சின். அதைக் கதவு, கூரை, பின்சீட்டு எதுவுமில்லாத ஒத்தை சீட்டு வண்டியில் மாட்டினார். ஃபார்முலா மாருதி! 2005ல் ஃபார்முலா 1க்குப் போன நரேன் கார்த்திகேயன் ஆரம்பத்தில் ஓட்டினதும் இதைத்தான். கரிவரதன் 1995ல் விமான விபத்தில் போயிட்டார். செட்டிபாளையம் ரேஸ் டிராக்குக்கு அவர் பேர்தான்.

அவர் கதை இப்ப ஞாபகம் வரக் காரணம், ஸ்கார்பரோவில் இருக்கிற யாழ்ப்பாணத்து நண்பன் ஒருத்தன். வீட்டு கராஜில் கார் கட்டுறான். "ரோட்டிலையும் ஓடவேணும் மச்சான், மொஸ்போர்ட்டிலையும் ஓடவேணும்"ங்கிறான். (மொஸ்போர்ட் டொராண்டோவுக்குக் கிழக்கே தள்ளி இருக்கிற டிராக். 1967ல் கனடாவின் முதல் ஃபார்முலா 1 பந்தயம் அங்கேதான். 2012ல் பேரை மாத்தினாலும் நமக்கெல்லாம் மொஸ்போர்ட்தான்.)

மாதிரி, 1957ல் வந்த லோட்டஸ் செவன். 250 பவுண்டில் அப்படி ஒண்ணு கட்டலாம்னு ரான் சாம்பியன்ங்கிற இங்கிலாந்துக்காரர் 1996ல் புத்தகமே போட்டார். ஒரு இஞ்ச் சதுரக் குழாயை வெட்டி, முக்கோண முக்கோணமா வெல்டு பண்ணி ஒரு கூடு. எஞ்சினும் கியர்பாக்ஸும் பழைய மஸ்டா மியாட்டாவோடது.

கணக்கைப் பாருங்க. முதல் தலைமுறை மியாட்டா எஞ்சின் சுமார் 115 குதிரைத்திறன். வண்டி 600 கிலோவில் முடிஞ்சா, 300 குதிரைத்திறன் கேம்ரி வி6க்கு ஏறக்குறைய சமம். ஆனா நேர்ரோடு இல்லை விஷயம், வளைவுதான். டயர் மேல எடையை ரெண்டு மடங்கு ஏத்தினா பிடிப்பு ரெண்டு மடங்கு ஆகாது, கொஞ்சம் குறைவாத்தான் கூடும். அதனால எடை குறைஞ்ச வண்டி அதே டயரில் வேகமா திரும்பும். பிரேக்குக்கும் சூடு கம்மி. ஸ்பிரிங்கும் மெலிசா போதும், அதனால பனி உருகினதும் ரோட்டில் முளைக்கிற குழிகளில் முதுகெலும்பு தப்பிக்கும் :-)

கரிவரதனுக்கு இல்லாத தலைவலி இவனுக்கு உண்டு. ரோட்டுக்கு வரணும்னா ஹெட்லைட், ஹார்ன், மட்கார்டு, ரெண்டு நம்பர் பிளேட், எல்லாம் வேணும். பாதுகாப்புச் சான்றிதழும் வேணும். டிராக்குக்கு ரோல்பார். ஒவ்வொண்ணா மாட்ட மாட்ட, கஷ்டப்பட்டு இறக்கின கிலோ திரும்பி வருது. பயபுள்ள ஒவ்வொரு பிராக்கெட்டையும் வீட்டுச் சமையல் தராசில் வச்சு நோட்டில் எழுதுறான்!

எங்களுக்குள்ள சண்டை வந்தது வெல்டிங்கில். கூட்டை முழுக்கத் தானே வெல்டு பண்ணணும்னு அடம். "நான் கட்டின கார் எண்டு பிறகு எப்பிடிச் சொல்லுறது?" மொஸ்போர்ட்டில் ரெண்டாவது வளைவு, முன்னாடி என்ன இருக்குன்னே தெரியாம இறக்கத்தில் இடப்பக்கம் திரும்பணும். 401ல் பக்கத்து லேனில் பதினெட்டு சக்கர டிரக். சஸ்பென்ஷனைப் பிடிக்கிற மூலையில் ஒரு வெல்டு விட்டா, எடை குறைஞ்ச வண்டியில் நம்மைச் சுத்தி இருக்கிற இரும்பும் குறைச்சல்தானே? வெல்டு வெளியே பளபளன்னு இருக்கும், உள்ளே உருகிச் சேராமலே இருக்கும். கண்ணுக்குத் தெரியாது.

ரெண்டு நாள் பேச்சுவார்த்தை இல்லை. அப்புறம் அவனே வழி சொன்னான். அளந்து வெட்டி, புள்ளி புள்ளியா ஒட்டி நிறுத்துறது அவன். முழு வெல்டு லைசன்ஸ் உள்ள வெல்டர். போன சனிக்கிழமை கூட்டை நாங்க நாலு பேர் தூக்கி வேனில் ஏத்தினோம். ரெண்டு பேரே போதும்போல, அவ்வளவு லேசு. வெல்டர் சுத்திச் சுத்திப் பார்த்துட்டு, மூணு இடத்தில் இடைவெளி ஜாஸ்தி, குழாயை மாத்தி வெட்டிக் கொண்டான்னு அனுப்பிட்டார். இன்னிக்குச் சாயங்காலம் அந்த வேலைதான்.