உம்மாவின் சவர்க்காரத்துக்கு ஒரு மாடம்



குளியலறையில் சவர்க்காரம் வைக்கிற மாடத்தைப் பற்றி இவ்வளவு நீளமாக ஒரு பதிவா என்று சிரிக்க வேண்டாம். நீராவிப்பிட்டி, ஹிஜ்ராபுரம், தண்ணீரூற்றுப் பக்கமெல்லாம் இப்போது வீட்டோடு சேர்த்துக் குளியலறை கட்டுகிறார்கள். நாங்கள் ஒரு தடவை பிழையாகச் செய்து காசைக் கரைத்துவிட்டுப் பிறகுதான் திருத்தினோம். உங்கள் காசாவது மிஞ்சட்டும்.

முதலில் ஏன் செய்தோம் என்று சொல்லவேண்டும். போன வருடம் உம்மா குளிக்கும்போது நிலத்தில் கிடந்த சவர்க்காரத்தை எடுக்கக் குனிந்தார். கால் வழுக்கி, விழுந்த கை மணிக்கட்டில் வெடிப்பு. ஆறு கிழமை கட்டுப் போட்டிருந்தார். டொக்டர் சொன்னது ஒன்றுதான்: "வயசான ஆக்களைக் குனிய விடாதீங்க. இருந்து குளிக்கட்டும், சாமான் எல்லாம் கைக்கு எட்டட்டும்."

கடையில் விற்கிற, சுவரில் ஒட்டுகிற பிளாஸ்டிக் ராக்கை ஒன்று வாங்கினோம். ஒரு மாதம் நிற்கவில்லை. நம்ம கிணற்றுத் தண்ணீரின் சுண்ணாம்பு டைல்ஸில் படிந்தால் அந்த ஒட்டு பிடிக்காது. ஒரு நாள் சுபஹு நேரம் போத்தல்களோடு சேர்ந்து விழுந்த சத்தத்தில் வீடே எழும்பிவிட்டது.

அந்தக் கிழமைதான் பாடசாலையில் சூரத்துந் நூரின் 35ஆவது வசனம் படிப்பித்துக்கொண்டிருந்தோம். விளக்கு வைக்கப்பட்ட மாடம் என்று வரும் இடத்தில் ஒரு பிள்ளை எழும்பி, "மாடம் எண்டா என்ன சேர்?" என்று கேட்டது. வகுப்பில் ஒருவருக்கும் தெரியவில்லை. அவர்கள் வீட்டில் அப்படி ஒன்று இருந்தால்தானே!

பின்னேரம் உம்மாவிடம் சொன்னோம். உம்மா சிரித்துவிட்டு, தண்ணீரூற்றில் இருந்த தன் உம்மாவின் வீட்டைப் பற்றிச் சொன்னார். தடித்த மண் சுவர். அதில் குப்பி விளக்கு வைக்க ஒரு மாடம், மேலெல்லாம் புகைக்கரி. கிணற்றடிச் சுவரில் சவர்க்காரத்துக்கும் தேங்காய்த் தும்புக்கும் இன்னொன்று. "மாடம் சுவர் எழும்பேக்கையே விடோணும் மகன். எழும்பின பிறகு குடையக் கூடாது" என்றார்.

நாங்கள் கேட்கவில்லை. போனில் அழகழகான படங்களைப் பார்த்துவிட்டு, கட்டி முடிந்த சுவரில் வெட்டச் சொன்னோம். வேலைக்கு வந்த மேசன் தம்பி, "சேர், இது பொள்ளுக் கல்லு" என்று ஒரு தரம் தயங்கினார். அவசரப்பட்டது நாங்கள்தான். அந்தச் சுவருக்கு மறுபக்கம் உம்மாவின் அறை. மூன்று மாதத்தில் உம்மாவின் கட்டிலுக்கு மேல் பெயின்ட் பொக்களித்து, பூச்சு பொருக்குப் பொருக்காக உதிரத் தொடங்கியது. மாடத்தின் அடித்தட்டு மட்டமாக இருந்ததால் தண்ணீர் தேங்கி, டைல்ஸ் இடைவெளியால் இறங்கி, கல்லின் பொள்ளுக்குள் போய் நின்றிருக்கிறது.

இதில் நாங்கள் படித்த பெரிய பாடம்: டைல்ஸ் தண்ணீரைத் தடுக்காது. அது அழகுக்கும் கழுவுவதற்கும்தான். தண்ணீரைத் தடுப்பது டைல்ஸுக்குப் பின்னால் பூசுகிற நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சு. அதை நாங்கள் பூசவே இல்லை.

இரண்டாம் முறை சுவரை உடைக்கவில்லை. பழைய ஓட்டையை அடைத்துக் காய விட்டு, அந்தச் சுவருக்கு முன்னால் 4 அங்குலக் கல்லால் ஒரு அரைச்சுவர் எழுப்பினோம். அறையில் ஐந்து அங்குலம்தான் குறைந்தது. ஏற்கெனவே கட்டி முடித்தவர்களுக்கு இதுதான் நல்ல வழி. அளவுகளைக் கவனியுங்கள்.

கல் 16 அங்குல நீளம், 8 அங்குல உயரம். மூன்று வரி கட்டியதும் ஏறக்குறைய இரண்டடி வரும். அதற்கு மேல் இரண்டு வரியில் ஒவ்வொரு கல்லை வைக்காமல் விட்டால் மாடம் தானாக வந்துவிடும், சுவரை வெட்டத் தேவையில்லை. அதன் தலையில் இரண்டு கம்பி போட்ட 2 அங்குலக் கொங்கிரீட் தட்டு. அதற்கு மேல் இன்னொரு வரி. முழு உயரம் நாலரை அடிக்குக் கொஞ்சம் குறைவு. கதிரையில் இருந்து குளிக்கிற உம்மாவுக்கு மாடம், நின்று குளிக்கிற எங்களுக்கு அரைச்சுவரின் மேல்தட்டு. ஒரே சுவரில் இரண்டு வேலை.

பூச்சு காய்ந்த பிறகு தடுப்புப் பூச்சு இரண்டு கை. முதல் கை குறுக்காக, அது காய்ந்ததும் இரண்டாவது நெடுக்காக. மாடத்தின் உள் மூலைகளில் வலைத்துணி வைத்துப் பூசவேண்டும். கசிவு தொடங்குவது மூலையில்தான்.

அடித்தட்டுக்கு டைல்ஸ் துண்டுகளை ஒட்டாதீர்கள். குசினி மேல்தட்டுப் போட்டு மிஞ்சிய கிரனைட்டில் ஒரே துண்டாக வெட்டி வையுங்கள், இடையில் பொருத்து இருக்காது. கறுப்பு வேண்டாம். நம்ம தண்ணீருக்கு இரண்டு நாளில் வெள்ளைத் திட்டு தெரியும். நாங்கள் சாம்பல் நிறம் போட்டோம். வெள்ளை படிந்தால் தேசிக்காய் தேய்த்து உடனே கழுவிவிட வேண்டும். புளி நிறைய நேரம் நின்றால் டைல்ஸ் இடைவெளிச் சாந்தைத் தின்றுவிடும்.

தட்டின் முன்பக்கம் ஒரு நூல் தாழ இருக்கவேண்டும். மேசன் போவதற்கு முன் ஒரு கரண்டி தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். தானாக வெளியே வந்தால் சரி. கூடச் சரித்தால் சவர்க்காரமே வெளியே வந்துவிடும்!

சவர் தண்ணீர் நேரே அடிக்கிற சுவரில் மாடம் வைக்க வேண்டாம், பக்கச் சுவர்தான் நல்லது. குழாய் ஓடுகிற இடத்தையும் முதலே பார்த்துக்கொள்ளுங்கள். மாடத்தின் ஓரம் டைல்ஸ் கோட்டோடு சேர்ந்து வந்தால் பார்க்க அழகு. இல்லாவிட்டால் சுற்றிவரச் சின்னச் சின்னத் துண்டுகளாக ஒட்டவேண்டி வரும். பிடித்து எழும்புகிற ஸ்டீல் பிடியை அரைச்சுவரில் அடிக்காதீர்கள். உறுதியான பழைய சுவரில்தான் அடிக்கவேண்டும்.

இனி, எழுதுவதா விடுவதா என்று யோசித்த ஒன்று.

வேலை தொடங்கும்போது உம்மாவுக்கு விருப்பமில்லை. உம்மாவின் சவர்க்காரம், மிஸ்வாக், எண்ணெய்ப் போத்தல் எல்லாம் எப்போதும் ஒரு பிளாஸ்டிக் பையில்தான். குளிக்கும்போது கொண்டுபோவார், முடிந்ததும் திரும்ப எடுத்துக்கொண்டு வந்து அறைக்குள் ஆணியில் கொழுவுவார். அன்று விழுந்ததும் அந்தப் பைக்குள்ளிருந்து நழுவிய சவர்க்காரத்தால்தான். "ஏன் உம்மா அங்கேயே வைக்கக்கூடாது?" என்று கேட்டோம்.

"ஆணி போதும். ஆணியக் கழட்டலாம்" என்றார்.

1990 ஒக்டோபர் கடைசியில் வடக்கிலிருந்து நம்ம சனத்தை எல்லாம் வெளியேற்றியபோது உம்மா கையில் எடுத்தது ஒரு பிள்ளையும் ஒரு பையும். எங்களில் ஒருவர்தான் அந்தப் பிள்ளை. மற்றவர் பிறந்ததே புத்தளத்தில், கிடுகுக் கொட்டிலில். கிடுகில் எங்கே மாடம் வைப்பது? பொதுக் கிணற்றில் வரிசையில் நின்று குளித்துவிட்டு சவர்க்காரத்தைக் கையோடு கொண்டுவராவிட்டால் அடுத்த நாள் இருக்காது. 2009இல் யுத்தம் முடிந்து, ஊருக்கு வந்து, காடு வெட்டி, தகரக் கொட்டில் போட்டு, பிறகு கல்வீடு கட்டி முடித்தும் அந்தப் பை மட்டும் ஆணியிலேயே இருந்தது. அதை உம்மாவின் பழக்கம் என்றே நினைத்திருந்தோம். இன்னொரு தரம் "வெளிக்கிடு" என்று சொன்னால் எடுத்துக்கொண்டு போக உம்மா ஆயத்தமாக இருக்கிறார் என்பது இந்த மாடம் கட்டும்வரை எங்களுக்கு விளங்கவில்லை.

மாடம் முடிந்து பத்து நாள் வரை உம்மா அதில் ஒன்றும் வைக்கவில்லை. நாங்களும் வற்புறுத்தவில்லை. பதினொராம் நாள் சின்னவள் ஓடிவந்து, "வாப்பும்மாட சோப்பு மாடத்துல இருக்கு" என்றாள். போய்ப் பார்த்தோம். சவர்க்காரம், மிஸ்வாக், எண்ணெய்ப் போத்தல், மூன்றும் வரிசையாக. அல்ஹம்துலில்லாஹ்.

பை இன்னும் ஆணியில்தான் இருக்கிறது. அதற்குள் இப்போது காணி உறுதியும் அடையாள அட்டைப் பிரதிகளும். அதைக் கழட்டச் சொல்ல எங்களுக்கு உரிமையில்லை.

புதிதாகக் கட்டுகிறவர்கள் சுவர் எழும்பும்போதே மேசனிடம் சொல்லி இரண்டு கல்லை விட்டுவிடுங்கள். அதுவும் வீட்டில் இருக்கிற வயதானவரைக் கதிரையில் இருத்தி, கை எட்டுகிற உயரம் பார்த்து விடுங்கள். பிறகு குடையக் கூடாது என்று உம்மா சொன்னது உண்மை. அளவு எடுக்க விரும்புகிறவர்கள் அஸருக்குப் பிறகு வீட்டுக்கு வரலாம். உம்மாவே காட்டுவார். தேத்தண்ணியும் உண்டு.

உம்மாவின் கைக்கு துஆச் செய்யுங்கள்.