மூன்று பத்தி நோட்டு

ஜூலை 7, திங்கள்

ஆட்டிசம் உள்ள என் பையனுக்குப் பயிற்சி என்றுதான் வேலூர் லாங் பஜாரில் அக்கம்பக்கத்துக் கடைக்காரர்களிடம் சொல்லியிருந்தேன். பாகாயம் போய் உட்கார்ந்ததும் தெரிந்துவிட்டது, பயிற்சி எனக்கும் என் மனைவிக்கும். அங்குள்ள சி.எம்.சி. மருத்துவமனையின் மனநலப் பிரிவில் நோயாளியோடு குடும்பத்தையும் தங்கவைத்து வைத்தியம் பார்ப்பது 1950களிலிருந்தே உள்ள வழக்கம். குழந்தைகளுக்கான நம்பிக்கை நிலையத்திலும் அதே வழிதான். 1999ல் இங்கிருந்து ஓர் ஆய்வு வந்தது. அறிவுசார் குறைபாடுள்ள குழந்தைகளின் பெற்றோர் 57 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குச் சொற்பொழிவு, மறு பாதிக்குக் கலந்துபேசும் அமர்வு என 10 வாரம் நடத்தினார்கள். கலந்து பேசியவர்களிடம்தான் மாற்றம் தெரிந்தது. ஆட்டிசத்துக்கென்று செய்ததில்லை என்றாலும், எங்களை ஏன் இவ்வளவு பேசவைக்கிறார்கள் என்பது இப்போது விளங்குகிறது.

வீட்டுப்பாடமாக ஒரு நோட்டு. பக்கத்துக்கு மூன்று பத்தி: முன்னால் என்ன நடந்தது, பையன் என்ன செய்தான், பிறகு அவனுக்கு என்ன கிடைத்தது.

ஜூலை 10, வியாழன்

கல்லாப்பெட்டி பக்கத்திலேயே நோட்டை வைத்து எழுதுகிறேன். ‘சாயங்காலம். லோடு ஆட்டோ, விடாத ஹாரன். மிளகாய் மூட்டை இறக்கினார்கள். கையைக் கடித்துக்கொண்டான். வீட்டுக்கு அழைத்துப் போனோம்.’ அடுத்த பக்கத்திலும் கிட்டத்தட்ட இதேதான்.

ஏழு வயதாகியும் பேச்சு வராத பிள்ளைக்குப் ‘பிடிவாதம்’ என்று பேர் வைத்திருந்தது இந்தத் தெரு. நோட்டு வேறு மாதிரி சொல்கிறது. கடித்தால் இந்த இரைச்சலிலிருந்தும் நெடியிலிருந்தும் தப்பிக்கலாம், அவனுக்குத் தெரிந்த ஒரே வழி அது. பயிற்சி தருபவர் சொன்ன மருந்து இரண்டு. வீட்டுப் படம் ஒட்டிய அட்டையை அவன் கையில் கொடுத்து, அதை நீட்டினால் ‘போகலாம்’ என்று அர்த்தம் எனப் பழக்குவது. நீட்டிய உடனே, கடிக்கும் வரை காத்திருக்காமல், கிளம்பிவிடுவது. இன்னொன்று முதல் பத்தியையே மாற்றுவது. மண்டியில் பேசி லோடு இறக்குவதை மதியத்துக்கு மாற்றிக்கொண்டேன். “இத முன்னாடியே சொல்லியிருந்தா அப்பவே மாத்தியிருப்போமே அண்ணே” என்றார் டிரைவர்.

ஜூலை 20, ஞாயிறு

செருப்புப் பாடம். கால் நுழைப்பது, வாரைக் கொக்கியில் விடுவது, இழுப்பது, ஊசியைத் துளையில் மாட்டுவது என்று வேலையைத் துண்டாக்கி, கடைசித் துண்டிலிருந்து தொடங்கச் சொன்னார்கள். மற்றதையெல்லாம் நாங்கள் செய்துவிட்டு ஊசியை மட்டும் அவனிடம் விடுகிறோம். அது பழகியதும் இழுப்பதும் அவன் பொறுப்பு. முடித்த பெருமை எப்போதும் அவனுக்கே. பரிசு, எலக்ட்ரானிக் தராசில் கைவைத்து எண் ஓடுவதைப் பார்ப்பது. மிட்டாயைவிட அதில்தான் உயிர்.

அழுது போன் கேட்டால் தரக்கூடாது என்பது இன்னொரு பாடம். தர மறுத்தால் அழுகை முதலில் கூடும், பிறகுதான் குறையும் என்று எச்சரித்திருந்தார்கள். நடுவில் ஒரு நாள் விட்டுக்கொடுத்தால் அழுகைக்கு இன்னும் வலு. ஆனால் என் அம்மாவுக்கு மனசு கேட்கவில்லை. “புள்ளைய அழவிட்டுப் பாக்கறது ஒரு வைத்தியமாடா?” என்றார். தள்ளிவிடக்கூடிய கேள்வி இல்லை. இந்த நடத்தைப் பயிற்சி முறைக்குப் பேர் வாங்கித் தந்த ஐவார் லோவாஸ் 1987ல் வெளியிட்ட ஆய்வில் வாரத்துக்கு 40 மணி நேரப் பயிற்சி; அதட்டலும் தொடையில் தட்டுவதும்கூட அதில் இருந்தன. வளர்ந்த ஆட்டிசக்காரர்கள் பலர் இன்று அதைக் கடுமையாகக் கண்டிக்கிறார்கள், நியாயமாகவே. எங்கள் வீட்டில் அடி கிடையாது. அவன் கையை உதறுவதையும் நிறுத்தப் போவதில்லை, அதனால் யாருக்கு என்ன நஷ்டம்? கடிப்பதுதான் நிற்க வேண்டும். அடுத்த அமர்வுக்கு அம்மாவும் வருகிறார்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

அமர்வில் பக்கத்து நாற்காலியில் உட்காரும் ஆம்பூர் அம்மா இன்று வரவில்லை. ஷூ கம்பெனியில் அப்பர் தைப்பவர். “ஒரு நாள் லீவு போட்டாலே அட்டென்டன்ஸ் போனஸ் போயிடுது அண்ணா” என்று போன தடவையே சொன்னார். எனக்குக் கடையைப் பார்த்துக்கொள்ள தம்பி இருக்கிறான். அவருக்கு யார் இருக்கிறார்கள்?

இப்படி வர முடியாதவர்களுக்கும் ஒரு வழி உண்டு. கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் ஆட்டிசம் உள்ள 65 குழந்தைகளை வைத்துச் செய்த ஆய்வு 2016ல் வெளியானது. நிபுணர்கள் அல்லாத சாதாரணப் பணியாளர்களைப் பழக்கி, பெற்றோருக்குக் கற்றுக்கொடுக்கவைத்தார்கள். பெற்றோர் பிள்ளையின் போக்குக்கு ஈடுகொடுப்பது கூடியது. பிள்ளைகளும் தாமாகத் தொடர்புகொள்ள முன்வந்தார்கள். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைத் தெருக்களிலும் இதைச் செய்ய முடியும்.

அதுவரைக்கும் தோல், ஷூ கம்பெனி முதலாளிகளுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் தையல் வரிசையில் இப்படி ஒரு பிள்ளையின் தாய் இருந்தால், பயிற்சி நாட்களுக்குச் சம்பளத்தோடு லீவு கொடுங்கள், போனஸில் கை வைக்காதீர்கள்.