பனிப்படிவின் மேல் ஒரு கற்படை

“இயற்கை தன்னைத்தானே சீர்செய்துகொள்ளும், மனிதன் ஏன் கவலுறல் வேண்டும்?” என்று நண்பர் சிலர் வினவுவதுண்டு. கலைப்பீடத்திற் புவியியல் பயிலும் எனக்கு இவ்வினா ஒரு கற்படையை நினைவூட்டுகின்றது.

தென் அவுஸ்திரேலியாவின் பிளின்டர்ஸ் மலைத்தொடரிலே, பனிக்கட்டியாறுகள் விட்டுச்சென்ற படிவுகளின் மேல், சில மீற்றர் தடிப்புள்ள வெளிறிய தொலமைற்றுப் படையொன்று உளது. ஏறத்தாழ 63 கோடியே 50 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் முடிவுற்ற பனியூழியில், மத்தியகோட்டை அண்டிய நிலமும் உறைந்திருந்தது. எரிமலைகள் கக்கிய காபனீரொட்சைட்டு, பனி மூடிய பாறைகளோடு தாக்கமுற வழியின்றி வளிமண்டலத்திற் பெருகிற்று; வெப்பம் மிகுந்து பனி உருகிற்று. அமிலத்தன்மை கொண்ட மழை பாறைகளைக் கரைத்துக் கல்சியத்தையும் மகனீசியத்தையும் கடலிற் சேர்த்தது. நீர் சூடேறுந்தோறும் காபனேற்றுக் கரையுந்தன்மை குறையும். யாழ்ப்பாணக் கிணற்றுநீரைக் காய்ச்சும் கேத்திலின் அடியில் வெண்படை தோன்றுதலும் இதனாலன்றோ! வெம்மையுற்ற கடலும் அவ்வாறே தன் சுமையைக் கல்லாக்கிற்று. 2004ஆம் ஆண்டில் அப்படையின் அடித்தளமே எடியாக்கரன் காலத்தின் தொடக்கமெனக் குறிக்கப்பட்டது.

ஆகவே, நண்பர் கூற்று முற்றும் பொய்யன்று. நாம் இன்று எரிக்கும் நிலக்கரியின் காபனும் ஒருகால் கல்லாகும். ஆயின், அதற்குப் பல இலட்சம் ஆண்டுகள் செல்லும். மனிதன் எழுதத் தொடங்கி இன்னும் 6,000 ஆண்டுகள் நிறையவில்லை. புவி பிழைக்கும் என்பதில் எனக்கு ஐயமில்லை. அதன் பொறுமைக்கு நம் ஆயுள் போதாதே என்பதுதான் என் கவலை. கல்லைக் காட்டி நம் கடமையைக் கைவிடுதல் தகாது.