பித்தளையின் கழுத்து

டெக்சாஸ் வந்த பிறகு என்னிடம் ஒட்டிக்கொண்ட பழக்கங்களில் ஊரில் யாருக்கும் புரியாதது தொலைதூரத் துப்பாக்கி சுடுதல். 1000 கஜத்தில், அதாவது ஒரு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவான தூரத்தில், தொங்குகிற இரும்புத் தகட்டைச் சுடுவது. மாதத்தில் ஒரு காலைப்பொழுதுதான் சுடுகிறோம். மிச்ச நேரமெல்லாம் பித்தளையோடு போகிறது.

தோட்டாவில் நான்கு சமாச்சாரங்கள் உண்டு: குண்டு, வெடிமருந்து, அதைப் பற்றவைக்கும் ப்ரைமர், இம்மூன்றையும் பிடித்துக்கொண்டிருக்கும் பித்தளைக் கூடு. முதல் மூன்றும் ஒரு தடவையோடு சரி. கூடு மட்டும் கைக்குத் திரும்பி வரும். அதைச் செப்பம் செய்து மறுபடி நிரப்புவதற்கு ஹேண்ட்லோடிங் என்று பெயர். இந்தியாவில் இதை நினைத்துப் பார்க்க முடியாது. 1959 ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம். இங்கே சொந்த உபயோகத்துக்குச் செய்துகொள்ளலாம்.

பழைய ப்ரைமரைத் தட்டி எடுத்துவிட்டுக் கூடுகளை ஓர் அதிரும் டப்பாவில் போட்டு மணிக்கணக்கில் ஓடவிட வேண்டும். வால்நட் ஓட்டுத் தூளோ சோளக்கதிர்ச் சக்கைத் தூளோ உடன் போடுவார்கள். சிலர் பச்சரிசி போடுவார்கள், நானும் போட்டேன். வீடியோ காலில் பார்த்த அம்மா, "அரிசியையாடா அதுல கொட்டுற?" என்றார். வேளாங்கண்ணிப் பக்கம் இரண்டு மா நிலத்தை வைத்துக்கொண்டு கடைமடைத் தண்ணீருக்காகக் காத்துக் கிடந்த குடும்பம். அதன் பிறகு சோளச் சக்கைக்கு மாறிவிட்டேன்.

எனக்குச் சொல்லிக்கொடுத்த அலுவலக நண்பர் முதல் நாளே ஒரு விதி வைத்தார்: அம்மோனியா கலந்த பாலிஷ் எதுவும் கூட்டின் மேல் படக்கூடாது. ஏன் என்று கேட்டதற்கு, "விரிசல் விடும்" என்பதோடு முடித்துக்கொண்டார்.

விரிசல் என்றால் நாங்கள் பயப்படுவது கழுத்தில்தான். சுடும்போது கழுத்து விரியும், அச்சில் வைத்து அழுத்தும்போது சுருங்கும். இப்படி விரிந்து சுருங்கி விரிந்து சுருங்கிப் பித்தளை இறுகிப்போகும். இறுகிய கழுத்து ஒவ்வொன்றும் குண்டை ஒவ்வொரு விதமாகப் பிடிக்கும், வேகம் மாறும். வினாடிக்கு 30 அடி வேறுபட்டாலே 1000 கஜத்தில் ஏறக்குறைய ஒரு சாண் மேலேயோ கீழேயோ போய்விடும். அதனால் கழுத்தை மட்டும் சில வினாடிகள் தீயில் சுழற்றி இளக்குவோம். அனீலிங். அடிப்பாகம் சூடாகக் கூடாது. அங்கேதான் அழுத்தம் முழுவதும் இறங்குகிறது, அது கெட்டியாகவே இருந்தாக வேண்டும். கும்பகோணத்தில் பாத்திரம் அடிப்பவர்கள் நடுநடுவே தகட்டை உலையில் காட்டி எடுப்பதும் இதே காரியம்தான். தீக்காட்டிய கழுத்தில் நீலமும் பழுப்புமாக ஒரு நிறம் படரும். எனக்கு இந்த வேலையில் பிடித்த இடம் அதுதான்.

அம்மோனியா விஷயத்தைத் தேடிப் போனபோது அது இந்தியாவில் கொண்டுபோய் விட்டது. பிரிட்டிஷ் ராணுவம் மழைக்காலத்தில் தோட்டாப் பெட்டிகளைக் குதிரை லாயங்களில் அடுக்கி வைத்திருக்கிறது. மழை ஓய்ந்து திறந்து பார்த்தால், யாரும் தொடாத தோட்டாக்களில் விரிசல், அதிலும் குண்டைக் கவ்விப் பிடிக்கும் கழுத்தில். சீசன் கிராக்கிங் என்று பெயர் வைத்தார்கள், காரணம் மட்டும் பிடிபடவில்லை. 1921இல்தான் மூர், பெக்கின்சேல், மாலின்சன் என்ற மூவர் விளக்கம் சொன்னார்கள். குதிரை மூத்திரத்திலிருந்து வரும் அம்மோனியா, காற்றின் ஈரம், கூட்டை இழுத்து உருவாக்கியபோது உள்ளேயே தங்கிவிட்ட இறுக்கம். மூன்றும் சேர்ந்தால் பித்தளை தானாகப் பிளக்கும். லேசாகச் சூடு காட்டி அந்த இறுக்கத்தைப் போக்கிவிட்டால் பிளக்காது. வார்த்து எடுக்கும் நாச்சியார்கோவில் விளக்குக்கு இந்த ஆபத்து குறைவு. தட்டியும் இழுத்தும் செய்தவற்றுக்குத்தான் அதிகம்.

இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அப்பாயிக்குச் சீராக வந்த பித்தளைக் குடம் ஒன்று எங்கள் வீட்டில் இருந்தது. பிளாஸ்டிக் குடங்கள் வந்தபின் மாட்டுக்கொட்டாய் மூலையில் தவிடு போட்டு வைக்கப் போய்விட்டது. நான் ஆறாவது படிக்கும்போது, ஓர் ஐப்பசி மழை முடிந்து எடுத்தால் கழுத்தடியில் விரல் நீளத்துக்கு விரிசல். கொட்டாய் கூட்ட வந்த அக்கா கீழே போட்டுவிட்டு மறைக்கிறார் என்று அப்பாயி சொல்லிவிட்டது. "சத்தியமா நான் போடலைங்கம்மா" என்று அந்த அக்கா வாசலில் நின்று அழுதது நினைவிருக்கிறது. அந்த மாதச் சம்பளத்தில் பிடித்தார்கள். அடுத்த வாரத்திலிருந்து அவர் வரவில்லை.

குடம் எப்போதோ எடைக்குப் போய்விட்டது. இனி எதையும் சோதித்து நிரூபிக்க முடியாது. ஆனால் பித்தளைக் குடம் கீழே விழுந்தால் நசுங்கும், ஒடுக்கு விழும். எங்கள் ஊரில் ஒடுக்கு விழாத குடம் எந்த வீட்டில் இருந்தது? அந்தக் குடத்தில் விரிசலைச் சுற்றி ஒடுக்கே இல்லை. நான் விரலால் தடவிப் பார்த்திருக்கிறேன்.

அப்பாவுக்குப் போன் போட்டேன். குதிரை லாயத்தில் ஆரம்பித்துச் சொன்னேன். அவர் குறுக்கே பேசவில்லை.

"அம்மோனியான்னா?"

"கொட்டாய்க்குள்ள போனா கண்ணு எரியுற மாதிரி ஒரு நெடி வருமுல்ல, அதுதாம்ப்பா."

"அங்கதான் பத்து வருஷம் கெடந்துச்சு" என்றார். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "அது பரவையில மக வீட்டுலதான் இருக்கு. சந்தைக்குப் போறப்ப பாப்பேன், பேசாது" என்றார்.

"எப்ப சந்தைக்குப் போவீங்க?"

"நாளைக்கே போறேன். நீ சொன்னத இன்னொரு தடவ மெதுவாச் சொல்லு."